மழையைப் பார்க்கும் ரேடார் அறுபடாமல் தொடர வேண்டும்: விண்வெளி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மழை அளவீட்டுச் செயற்கைக்கோள்களைத் திட்டமிடும் விண்வெளி நிறுவனங்களின் தலைவர்களுக்கும், அவற்றுக்கு நிதி ஒதுக்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்கும்,

வணக்கம்.

விண்ணிலிருந்து ரேடார் கொண்டு மழையை அளக்கும் பணி 1997 நவம்பரில், ஜப்பானின் தனேகாஷிமா ஏவுதளத்திலிருந்து வெப்பமண்டல மழையை அளக்கும் டி.ஆர்.எம்.எம். செயற்கைக்கோள் புறப்பட்டபோது தொடங்கியது. அது ஓய்வதற்குள், 2014 பிப்ரவரியில், அதே தளத்திலிருந்து உலக மழை அளவீட்டுக்கான ஜி.பி.எம். திட்டத்தின் மையச் செயற்கைக்கோள் மேலே சென்றது. அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து நடத்திய இந்த இரண்டு திட்டங்களால், கால் நூற்றாண்டுக்கும் மேலான மழைப் பதிவு ஒன்று பெரிய இடைவெளி ஏதுமின்றி நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்தப் பதிவோடு நாள்தோறும் வேலை செய்பவன் என்ற முறையில் உங்களிடம் ஒன்றைக் கேட்கவே இதை எழுதுகிறேன். இப்போது சுற்றிக்கொண்டிருக்கும் ரேடார் கண்ணை மூடுவதற்கு முன்பே அடுத்தது மேலே சென்றிருக்க வேண்டும். இரண்டும் ஒரே மழையை, குறைந்தது ஓர் ஆண்டு முழுவதும், சேர்ந்து பார்க்க வேண்டும்.

மழையை அளப்பது எளிய காரியம் என்று தோன்றலாம். திறந்த வெளியில் ஒரு மழைமானியை வைத்து, காலையில் நீரின் உயரத்தைப் படித்தால் போதுமே என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஒரு மழைமானியின் வாய் இரு கைகளுக்குள் அடங்கிவிடும். உலக அளவில் தரவு திரட்டப்படும் மழைமானிகளின் வாய்ப்பரப்பு முழுவதையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்தாலும் கால்பந்துத் திடலொன்றின் பாதிகூட நிரம்பாது என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. பூமியின் பரப்பில் 71 விழுக்காடு கடல்; அங்கே மழைமானிகள் அரிதினும் அரிது. தரையில் நிற்கும் ரேடார்களின் பார்வையோ சில நூறு கிலோமீட்டரோடு முடிந்துவிடுகிறது. இடையில் மலை நின்றால் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

செயற்கைக்கோளின் மற்ற கருவிகள் இந்தக் குறையை ஓரளவுதான் தீர்க்கின்றன. அகச்சிவப்புக் கருவி மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று சொல்லும். உச்சிக்குக் கீழே மழை பெய்கிறதா இல்லையா என்பதை நாம்தான் ஊகிக்க வேண்டும். நுண்ணலைக் கதிர்வீச்சுமானி மேகத்துக்குள் ஊடுருவும். ஆனால் மேலிருந்து கீழ்வரை உள்ள நீரையும் பனிக்கட்டியையும் ஒரே தொகையாகக் கூட்டித் தந்துவிடும். எந்த உயரத்தில் எவ்வளவு என்று அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டுவது ரேடார் ஒன்றுதான்.

அது எப்படிப் பிரிக்கிறது என்பதைச் சற்று அருகிலிருந்து சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் என் கோரிக்கையின் காரணம் அந்த வேலையின் நுட்பத்தில்தான் இருக்கிறது. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு நுண்ணலைத் துடிப்பு அனுப்பப்படுகிறது. அதன் நீளம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கையும் அதற்குமேல் சற்றையும் தாண்டாது. மூன்று மில்லிநொடிக்குள் எதிரொலி திரும்பிவிடுகிறது. முதலில் மேகத்தின் மேல்பகுதியிலிருந்தும், பிறகு அதன் நடுவிலிருந்தும், கடைசியாகத் தரையிலிருந்தும் வரும் எதிரொலிகளை, வந்து சேரும் நேரத்தைக் கொண்டு, 250 மீட்டர் கனமுள்ள அடுக்குகளாக வகுத்துக்கொள்கிறோம். வெப்பமண்டலத்தில் அமைதியாகப் பெய்யும் பரந்த மழையின் குறுக்குவெட்டுப் படத்தைத் திரையில் விரித்தால், தரைக்கு மேல் 5 கிலோமீட்டரை ஒட்டி ஒரு பிரகாசமான கோடு கிடைமட்டமாக ஓடுவதைக் காணலாம். பனித்துகள்கள் உருகத் தொடங்கும் உயரம் அது. வெளிப்புறம் நீர் பூசிய பனித்துகள், பெரிய துளியைப்போல அலைகளைத் திருப்பி அனுப்புவதால் அங்கே எதிரொலி ஓங்கித் தெரிகிறது. பக்கத்திலேயே இடிமழை பெய்தால் அந்தக் கோடு அறுந்து, செங்குத்தான தூண் ஒன்று எழுந்து நிற்கும். முதன்முதலில் இந்தப் படத்தைப் பார்த்தபோது வெகுநேரம் திரையை விட்டு எழ எனக்கு மனம் வரவில்லை. மனிதர் எவரும் ஏறிப் பார்க்க முடியாத ஒரு நடுக்கடல் மழையின் உட்புறம் அது.

ஆனால் எதிரொலியை மழையாக மாற்றுவதில்தான் இடர்ப்பாடு தொடங்குகிறது. துளியின் விட்டம் இரு மடங்கானால் அதிலுள்ள நீர் எட்டு மடங்காகிறது. எதிரொலியோ 64 மடங்காகிறது. ஒரு மில்லிமீட்டர்த் துளிகள் எட்டும் இரண்டு மில்லிமீட்டர்த் துளி ஒன்றும் ஒரே அளவு நீரைத்தான் சுமக்கின்றன. இருந்தும் பின்னதன் எதிரொலி எட்டு மடங்கு வலியது. ஆகவே துளிகளின் அளவு தெரியாமல் மழையின் அளவைச் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, கனமழை தன்னூடே செல்லும் அலையை உறிஞ்சி மங்கச் செய்கிறது. மழையில்லாத இடத்தில் கடற்பரப்பு எவ்வளவு வலுவாக எதிரொலித்தது, மழைக்கு அடியில் அதே கடல் எவ்வளவு மங்கியது என்று ஒப்பிட்டு அந்த இழப்பை ஈடுசெய்கிறோம். டி.ஆர்.எம்.எம். 13.8 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண் ஒன்றை மட்டும் கொண்டிருந்தது. ஜி.பி.எம். ரேடார் 13.6, 35.5 என இரண்டு அதிர்வெண்களில் பார்ப்பதால், இரண்டு எதிரொலிகளுக்கும் இடையிலான வேறுபாட்டிலிருந்து துளிகளின் அளவை நேரடியாக மதிப்பிட முடிகிறது. தரையை ஒட்டிய கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டும், தரையின் பலத்த எதிரொலியில் மூழ்கிப்போய், இன்றும் சரியாகத் தெரிவதில்லை.

இப்படிப் படிப்படியாகத் திருத்திப் பெறும் அளவில், கருவியின் அளவுத்திருத்தம், அதாவது அது சரியாக அளக்கும்படி செய்யும் ஒழுங்குபடுத்தல், ஒரு டெசிபெல் (எதிரொலியின் வலிமையை ஒப்பிடும் அலகு) பிசகினால் என்ன ஆகும்? எதிரொலிக்கும் மழைக்கும் இடையே 1948 முதல் வழக்கிலுள்ள மார்ஷல்-பாமர் சமன்பாட்டைக் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தால், மழையளவு சுமார் 15 விழுக்காடு மாறிவிடும். இந்த எண்ணை மற்றோர் எண்ணின் அருகில் வைத்துப் பாருங்கள். வளிமண்டலம் ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். புவி வெப்பமாதல் கனமழையை எப்படி மாற்றுகிறது என்று தேடும் நாங்கள், பல ஆண்டுகளில் சிறுகச் சிறுக நிகழும் இந்த அளவிலான மாற்றத்தைத்தான் தேடுகிறோம். பழைய ரேடாருக்கும் புதிய ரேடாருக்கும் இடையில் ஒரு டெசிபெல் பொருந்தாமல் போனால், வானத்தில் நேராத மாற்றமொன்று தரவில் நேர்ந்துவிடும். அது நாங்கள் தேடும் உண்மையைவிடப் பெரியதாகவும் இருக்கும். இரண்டு ரேடார்களும் ஒரே மழையைச் சேர்ந்து பார்த்திருந்தாலொழிய, எது வானத்தின் மாற்றம், எது கருவியின் மாற்றம் என்று பிரித்தறிய நம்பகமான வழி கிடையாது.

இது கற்பனையான அச்சமன்று. 2001 ஆகஸ்டில், எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக, டி.ஆர்.எம்.எம். 350 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 402 கிலோமீட்டருக்கு ஏற்றப்பட்டது. அது நல்ல முடிவு; செயற்கைக்கோளின் ஆயுள் அதனால் நீண்டது. ஆனால் ரேடார் ஒருமுறை பார்க்கும் வட்டம் 4.3 கிலோமீட்டரிலிருந்து 5 கிலோமீட்டராக விரிந்தது. மெல்லிய மழையைக் காணும் கூர்மை சற்றுக் குறைந்தது. இன்னும் நுணுக்கமான ஒரு விளைவும் உண்டு. அந்த ரேடார் ஒவ்வொரு திசையிலும் 32 எதிரொலிகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. உயரம் கூடியதும் எதிரொலி திரும்பும் நேரமும் கூடியது. அதனால் 32இல் ஒன்று, முந்தைய திசையை நோக்கி அனுப்பிய துடிப்பின் எதிரொலியாக வந்து கலந்தது. அந்த ஒன்றைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கென்றே தனிக் கணக்குமுறை எழுத வேண்டியிருந்தது. ஒரே செயற்கைக்கோள், ஒரே கருவி, 52 கிலோமீட்டர் உயர்வு. அதற்கே இவ்வளவு வேலை. 2023 நவம்பரில் ஜி.பி.எம். செயற்கைக்கோளும் ஆயுளை நீட்டிப்பதற்காக 407 கிலோமீட்டரிலிருந்து சுமார் 435 கிலோமீட்டருக்கு ஏற்றப்பட்டிருக்கிறது. நாடு வேறு, கருவி வேறு, சுற்றுப்பாதை வேறு என்று அமையப்போகும் அடுத்த ரேடாரை, நடுவில் வெறுமையான ஓர் ஆண்டை வைத்துக்கொண்டு எதனோடு ஒப்பிடுவோம்?

2014ஆம் ஆண்டின் அனுபவம் நமக்கு இருக்கிறது. அந்த ஆண்டின் மார்ச் முதல் அக்டோபர் தொடக்கம் வரை, ஏழு மாதங்கள், இரு ரேடார்களும் சேர்ந்து இயங்கின. ஜூலையில் டி.ஆர்.எம்.எம். எரிபொருள் தீர்ந்து மெல்ல இறங்கத் தொடங்கியது. 2015 ஏப்ரலில் பணி முடிந்து, ஜூனில் வளிமண்டலத்தில் நுழைந்து எரிந்தது. அந்த ஏழு மாதங்கள் எங்களுக்குப் பெரும் பேறு. பின்னர் 2017இல் இரு ரேடார்களின் அளவுத்திருத்தமும் மறுஆய்வு செய்யப்பட்டு, ஏறத்தாழ ஒரு டெசிபெல் அளவுக்கு உயர்த்தப்பட்டபோது, இரண்டு பதிவுகளையும் ஒரே கயிறாக முறுக்க முடிந்ததற்கு அந்தச் சேர்ந்த காலமும் பெருங்காரணம். ஆனாலும் அந்த ஏழு மாதங்களில் டிசம்பர், ஜனவரி இல்லை. ஓர் அரைக்கோளத்தின் குளிர்காலமும் மற்றதன் கோடையும் இரு ரேடார்களாலும் சேர்ந்து பார்க்கப்படவே இல்லை. உருகுநிலை உயரம் பருவத்துக்குப் பருவம் இறங்கி ஏறுகிறது. துளிகளின் அளவும் மாறுகிறது. ஆகவேதான் ஓராண்டு கேட்கிறேன். அதைக் குறைத்துக்கொள்ளச் சொன்னால் எந்தப் பருவத்தை விட்டுவிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நீண்ட பதிவு எதற்கு, சில ஆண்டுகள் பார்த்தால் போதாதா என்ற கேள்வி நிதிக் குழுக்களில் எழக்கூடும். அதற்கு ஓர் எளிய கணக்கே விடை. 2023இல் ஏற்றப்படுவதற்கு முன் ஜி.பி.எம். ரேடார் பார்த்த பாதையின் அகலம் சுமார் 245 கிலோமீட்டர். செயற்கைக்கோள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முறை பூமியைச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் நிலநடுக்கோட்டை இருமுறை கடக்கிறது. பாதை சாய்வாகக் கடப்பதையும் சேர்த்தால், 40,000 கிலோமீட்டர் நீளமுள்ள நிலநடுக்கோட்டில் ஒரு நாளில் அது பார்ப்பது 9,000 கிலோமீட்டருக்கும் குறைவு. அதாவது, நிலநடுக்கோட்டிலுள்ள ஓரிடத்தை நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறைதான் அது காண்கிறது. ஓர் ஆண்டில் 80 முறை என்று வைத்துக்கொள்ளலாம். நாளின் 24 மணி நேரத்துக்கும் அதைப் பங்கிட்டால், நாளின் ஒவ்வொரு மணிக்கும் ஓர் ஆண்டில் மூன்று பார்வைகளுக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். அவற்றிலும் பெரும்பாலானவை மழையில்லாத வெறும் வானம். நிலத்தில் பிற்பகலிலும் திறந்த கடலில் விடியலை ஒட்டியும் மழை ஓங்குகிறது என்பதை உலகம் முழுவதற்கும் ஒரே கருவியால் உறுதிப்படுத்த முடிந்தது, பார்வைகள் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்ததால்தான். இந்தச் செயற்கைக்கோள்கள் சூரியனோடு ஒத்துச் சுற்றாமல், ஒவ்வொரு நாளும் சற்று முன்பின்னான நேரத்தில் ஓரிடத்தைக் கடக்கும்படி அமைக்கப்பட்டதும் அதற்கு இன்றியமையாதது. அடுத்த செயற்கைக்கோளை மற்றக் கருவிகளின் வசதிக்காகச் சூரிய ஒத்தியக்கப் பாதையில் அனுப்பினால், நாளின் இரண்டு நேரங்களை மட்டுமே அது காணும். அந்தச் சமரசத்தைச் செய்துவிடாதீர்கள்.

நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை பார்க்கும் கருவியால் அன்றாடப் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை, சுமார் 10 கிலோமீட்டர் கட்டங்களில், உலகம் முழுவதற்கும் இன்று மழை வரைபடம் வெளியாகிறது. அதன் பெரும்பகுதியை நிரப்புவது பல நாடுகளின் கதிர்வீச்சுமானிகள். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத அவற்றையெல்லாம் ஜி.பி.எம். மையச் செயற்கைக்கோளை அளவுகோலாகக் கொண்டுதான் இசைவிக்கிறார்கள். சந்தையில் எத்தனை படிகள் புழங்கினாலும் முத்திரையிட்ட படி ஒன்று இருந்தாக வேண்டும் அல்லவா? வெள்ள எச்சரிக்கை தருபவரும், நிலச்சரிவைக் கணிப்பவரும், அணைக்கு வரும் நீரை மதிப்பிடுபவரும் அந்த முத்திரைப்படியின் பெயரைக்கூடக் கேள்விப்படாமல் அதை நம்பியே வேலை செய்கிறார்கள்.

பணியில் இருக்கும் ரேடாரை முன்கூட்டியே இறக்கிவிடும் எண்ணமும் எழாமல் இல்லை. 2004இல் டி.ஆர்.எம்.எம். திட்டத்தை முடித்துக் கட்டுப்பாட்டோடு கடலில் இறக்கிவிட நாசா முடிவுசெய்திருந்தது. மூன்றாண்டுகளுக்கென வடிவமைத்த செயற்கைக்கோள் ஏழாண்டுகளை நெருங்கிவிட்டது, மிஞ்சிய எரிபொருளைப் பாதுகாப்பாக இறக்குவதற்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அப்போதைய வாதம். எரியும் பாகங்கள் மக்கள்மேல் விழக்கூடாது என்ற அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் ஆய்வாளர்களும் புயல் முன்கணிப்பாளர்களும் முறையிட்டதால் அந்த முடிவு மாற்றப்பட்டது. செயற்கைக்கோள் மேலும் பத்தாண்டுகள் உழைத்தது. அந்த முறையீடு கேட்கப்படாமல் போயிருந்தால் 2005 முதல் 2014 வரை விண்ணிலிருந்து மழையை அளக்கும் ரேடார் பதிவே நம்மிடம் இருந்திருக்காது. 1998 ஆகஸ்டில் அட்லாண்டிக்கின் போனி சூறாவளியில் 18 கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்த மேகத்தூணை அந்த ரேடார் காட்டியது. சூறாவளியின் மையத்தைச் சூழ்ந்து நிற்கும் மேகச் சுவரான கண்சுவரில் அப்படியொரு உயர்ந்த தூண் எழுந்தால் அடுத்த சில மணி நேரத்தில் சூறாவளி வலுப்பெறும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது என்பதைப் பல புயல்களின் பதிவுகளைத் திரட்டி 2004இல் ஆய்வாளர்கள் எடுத்துச் சொன்னார்கள். அந்தக் கண்டுபிடிப்பு வெளியான அதே ஆண்டில் கருவியையே இறக்கிவிட நாள் குறிக்கப்பட்டது என்பதை நினைக்க இன்றும் நெஞ்சு பதைக்கிறது.

சிறிய செயற்கைக்கோள்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2018இல் ரெயின்கியூப் என்ற, ஒரு கைப்பெட்டி அளவே ஆன செயற்கைக்கோள் மழையின் எதிரொலியைப் பெற்றுக் காட்டியதை நானும் மகிழ்ச்சியோடு வரவேற்றேன். அப்படிப் பத்து அனுப்பினால், நான்கைந்து நாள் காத்திருக்கும் நிலை மாறும். ஆனால் சிறிய ஆன்டெனாவால் 35 கிகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அதிர்வெண்களையே கூர்மையாகக் குவிக்க முடியும்; அந்த அலை கனமழையில் தரையைத் தொடுமுன்பே பெரிதும் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. வெள்ளத்தைக் கொண்டுவரும் மழை எதுவோ அதையே அது சரியாகக் காணாது. கனமழையின் அடிவரை சென்று திரும்ப 13 கிகாஹெர்ட்ஸ் அலை வேண்டும். அதற்கு இரண்டு மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆன்டெனா வேண்டும். அதற்கேற்ற பெரிய செயற்கைக்கோளும் செலவும் வேண்டும். சிறியவை பெரியதற்குத் துணை நிற்கட்டும். பெரியதைக் கைவிடுவதற்கு அவற்றைக் காரணமாக்க வேண்டாம்.

நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. சீனா 2023 ஏப்ரலில் அனுப்பிய ஃபெங்யுன்-3ஜி, இரட்டை அதிர்வெண் மழை ரேடாரைச் சுமந்து, நிலநடுக்கோட்டுக்கு 50 டிகிரி சாய்வில் சுற்றுகிறது. 2024 மே மாதம் ஏவப்பட்ட எர்த்கேர் செயற்கைக்கோள், மேகத்துகள்கள் ஏறி இறங்கும் வேகத்தை, எதிரொலியின் அதிர்வெண் மாறுவதைக் கொண்டு அறியும் டாப்ளர் முறையில் விண்ணிலிருந்து முதன்முறையாக அளக்கிறது. ஜப்பான், டாப்ளர் வசதியுடைய மழை ரேடார் ஒன்றைத் திட்டமிட்டு வருகிறது. இவற்றுள் ஃபெங்யுன்-3ஜியும் ஜி.பி.எம். செயற்கைக்கோளும் ஒரே காலத்தில் மேலே இருப்பது நல்வாய்ப்பு. இரண்டின் பாதைகளும் சந்திக்கும் ஒவ்வொரு முறையும் நான் மேலே கேட்ட ஒப்பீட்டுக்கு ஓர் இடம் கிடைக்கிறது. அதனால் உங்களிடம் ஒரு துணைக் கோரிக்கையும் வைக்கிறேன். கணக்கிட்டு முடித்த மழையளவை மட்டும் வெளியிட்டால் போதாது. ரேடார் பெற்ற எதிரொலியின் திறனையும், அளவுத்திருத்தக் குறிப்புகளையும், கருவியில் நேர்ந்த ஒவ்வொரு மாற்றத்தின் நாளையும், எந்த நாட்டு ஆய்வாளரும் எடுத்துப் பார்க்கும்படி திறந்து வையுங்கள். 2017இல் பழைய பதிவைத் திருத்த முடிந்தது, 1997 வரையிலான மூலத் தரவு பத்திரமாகக் காக்கப்பட்டிருந்ததால்தான்.

உங்கள் கூட்டங்களில் ஏவும் நாளை ஆறு மாதம் தள்ளிவைக்கலாமா என்ற பேச்சு வரும். வரவுசெலவுக் காரணம் ஏதேனும் இருக்கும், நியாயமாகவும் இருக்கும். அப்போது திட்ட மேலாளரிடம், மேலே சுற்றும் பழைய ரேடாரில் இன்னும் எத்தனை மாதத்துக்கு எரிபொருள் இருக்கிறது என்று கேளுங்கள். அந்த எண்ணிலிருந்து ஆறைக் கழித்து, எஞ்சுவது பன்னிரண்டுக்குக் குறைந்தால், தள்ளிவைக்க ஒப்ப வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
ரேடார் மழைத் தரவுகளில் பணிபுரியும் ஓர் ஆய்வாளர்